பெர்கஸ் ஹியூம்

துப்பறியும் கதை என்றதும் ஷெர்லக் ஹோம்ஸ் என்னும் பெயரே பலருக்கும் நினைவில் எழும். அவரைப் பற்றிய முதற்கதை அச்சேறிய ஆண்டு 1887. அதற்கு ஓராண்டு முன்னரே, ஆஸ்திரேலிய நாட்டில், இளைஞர் ஒருவர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுத் துப்பறியும் நாவல் ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். அதனை வெளியிட எந்தப் பதிப்பாளரும் முன்வரவில்லை. எனினும், அந்நூல் விரைவிலேயே கடல் கடந்து சென்று இலட்சக்கணக்கான மக்களின் கைகளை அடைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிகுதியாக விற்பனையான துப்பறியும் நாவல்களின் வரிசையில் அதற்குச் சிறந்த இடம் உண்டு. ஆனால், அப்பெரும் விற்பனையால் அதன் ஆசிரியர் அடைந்த பயன் மிகச் சிறிது. அவர் பெயர் பெர்கஸ் ஹியூம். உழைப்பின் உயர்வையும், உழைப்பின் விலையை அறியாமையால் நேரும் இழப்பையும் ஒருங்கே காட்டுவது அவர்தம் வாழ்க்கை வரலாறு.

ஹியூம் 1859-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8-ஆம் நாள் இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த போவிக் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய தந்தையார் அவ்வூரில் இருந்த மனநோய் மருத்துவமனையில் பணிபுரிந்தவர். ஹியூம் சிறு குழந்தையாக இருந்தபோதே அக்குடும்பம் நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்து, டனீடின் என்னும் நகரில் வாழத் தொடங்கியது. ஹியூம் அந்நகரில் உள்ள ஒடாகோ ஆடவர் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பின்னர் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்றார். 1885-இல் வழக்கறிஞராகும் தகுதியையும் பெற்றார்.

சட்டம் கற்றாரேனும் அவர் உள்ளம் நாடகத்தையே நாடி நின்றது. நாடக ஆசிரியராகப் புகழ் பெற வேண்டும் என்பதே அவர் கொண்ட வேட்கை. அவ்வேட்கையுடன் அவர் அவ்வாண்டிலேயே கடல் கடந்து ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரை அடைந்தார். விக்டோரியா மாநிலத்தில் 1851-இல் பொன் கண்டெடுக்கப்பட்ட பிறகு, அம்மாநிலத்தின் தலைநகராகிய மெல்போர்ன் வியத்தகு வேகத்தில் வளர்ந்துவந்தது. அகன்ற தெருக்களும், உயர்ந்த மாளிகைகளும், பெரிய நாடக அரங்குகளும் அங்கே எழுந்தன. வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராக அமர்ந்த ஹியூம், ஓய்வு நேரங்களில் நாடகங்கள் எழுதினார். ஆனால், அரங்க உரிமையாளர்கள் பெயர் அறியாத ஓர் இளைஞரின் நாடகத்தைப் படித்துப் பார்க்கவும் உடன்படவில்லை. எழுதியவை யாவும் அவரிடமே தங்கின.

இந்நிலையில் வேறொருவராயின் எழுதுகோலைக் கீழே வைத்திருப்பர். ஹியூமோ வேறு வழி ஒன்றை எண்ணினார். முதலில் ஒரு நூலால் மக்களிடையே அறிமுகம் பெற்றால், பின்னர் நாடக அரங்குகளின் கதவு தானே திறக்கும் என்று அவர் கருதினார். ஆதலின், மெல்போர்ன் நகரத்துப் புத்தக வணிகர் ஒருவரிடம் சென்று, எவ்வகை நூல்கள் மிகுதியாக விற்பனையாகின்றன என வினவினார். கபோரியோ என்னும் பிரெஞ்சு ஆசிரியரின் துப்பறியும் நாவல்களே விரைந்து விற்கின்றன என்று அவ்வணிகர் அறிவித்தார். ஹியூம் அந்நாவல்களை வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் படித்தார். குற்றம் எவ்வாறு நிகழ்கிறது, ஐயம் யார்மேல் விழுகிறது, துப்பு எங்கே மறைந்து கிடக்கிறது, முடிச்சு எவ்வாறு அவிழ்கிறது என்பவற்றை ஒரு மாணவரைப் போல் ஆராய்ந்து கற்றார். அதன் பின்னரே அவர் எழுதத் தொடங்கினார்.

கதைக்குரிய களத்தை அவர் வெளிநாட்டில் தேடவில்லை. தாம் நாள்தோறும் நடந்து திரிந்த மெல்போர்ன் நகரையே களமாகக் கொண்டார். செல்வர் உலவும் காலின்ஸ் தெருவும், வறியோர் ஒதுங்கி வாழ்ந்த லிட்டில் பர்க் தெருச் சந்துகளும் அந்நாவலில் இடம்பெற்றன. அச்சந்துகளின் வாழ்க்கையை உள்ளவாறு எழுத வேண்டும் என்பதற்காக, அவர் பல இரவுகள் அங்குச் சென்று கண்டும் கேட்டும் செய்தி திரட்டினார்.

அந்நாவலின் பெயர் ‘ஹான்சம் வண்டியின் மர்மம்’ என்பதாகும். ஹான்சம் வண்டி என்பது ஒற்றைக் குதிரை பூட்டிய, இரண்டு சக்கரங்களை உடைய வாடகை வண்டி. ஜோசப் ஹான்சம் என்பவர் 1834-இல் அதற்கு உரிமம் பெற்றார். மோட்டார் வண்டிகள் பெருகும் வரையில் நகரங்கள் பலவற்றில் அவ்வகை வண்டிகள் ஓடின. அவ்வண்டியில் ஓட்டுநர் முன்புறத்தில் அமர்வதில்லை. பின்புறத்தில், கூரைக்கு மேலாக உயர்த்திக் கட்டிய இருக்கையில் அமர்வார். கூரையில் உள்ள சிறு கதவின் வழியாகவே அவர் பயணிகளுடன் பேசுவார். ஆகவே, உள்ளே இருப்போர் செய்வதை ஓட்டுநர் காண்பது அரிது. ஹியூம் இவ்வமைப்பையே தம் கதைக்கு அடிப்படையாகக் கொண்டார். நள்ளிரவில் ஒரு ஹான்சம் வண்டியில் இருவர் செல்கின்றனர். ஒருவர் இடையிலேயே இறங்கிவிடுகிறார். மற்றவர் உயிரற்றுக் கிடப்பதைப் பின்னரே ஓட்டுநர் காண்கிறார். இறந்தவர் யார், கொன்றவர் யார் என்னும் வினாக்களுடன் கதை தொடங்குகிறது. நாளிதழில் வந்த செய்தியைப் போன்ற நடையில் முதல் அதிகாரத்தை அமைத்து, நிகழ்ச்சியை உண்மையென நம்பும்படி செய்தார் ஹியூம்.

நாவலை எழுதி முடித்த பின்பு, அவர் அதனை அயலார் ஒருவரின் கண்கொண்டு படித்துப் பார்த்தார். குற்றவாளி யார் என்பது எளிதில் புலப்பட்டுவிடுவதை உணர்ந்தார். துப்பறியும் கதையில் துப்புகள் அனைத்தும் படிப்பவர் கண்முன் இருத்தல் வேண்டும். ஆயினும், விடை இறுதி வரையில் மறைந்திருத்தல் வேண்டும். அந்த இலக்கணம் தம் நாவலில் பிழைபட்டதைக் கண்ட அவர், எழுதியதை விட்டுவிட மனம் வராமல் ஒட்டுப்போட முயலவில்லை. புதிய பாத்திரம் ஒன்றைப் புகுத்திக் கதை முழுவதையும் இரண்டாம் முறை எழுதினார். பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்த ஒருவர், ஒரு நூலை இருமுறை எழுதினார் என்பது எண்ணத்தக்கது.

ஆயினும், அவர் பட்ட துன்பம் அத்துடன் முடியவில்லை. பதிப்பாளர்கள் அக்கையெழுத்துப் படியைப் புரட்டிப் பார்க்கவும் மறுத்தனர். அக்காலத்தில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆங்கிலேயரின் குடியேற்ற நாடுகளாக இருந்தன. நல்ல நூல் என்றால் அது இலண்டனிலிருந்து கப்பலில் வர வேண்டும் என்பது அங்குள்ளோர் பலரின் எண்ணம். குடியேற்ற நாட்டில் வாழும் ஒருவரால் படிக்கத்தக்க நூலை எழுத இயலாது என்று கூறி அவர்கள் அவரைத் திருப்பி அனுப்பினர். எழுத்தைப் படித்துப் பார்த்துக் குறை கூறியிருப்பின் அதனை ஏற்றுக்கொள்ளலாம். படிக்காமலே, எழுதியவர் வாழும் இடத்தைக் கொண்டு எழுத்தை மதிப்பிட்டது அன்றோ பெருங்குறை!

ஹியூம் மனம் தளரவில்லை. பிறர் வெளியிடாவிடில் தாமே வெளியிடுவது என்று துணிந்தார். மெல்போர்ன் நகரில் இருந்த கெம்ப் அண்டு பாய்ஸ் என்னும் அச்சகத்தை அணுகித் தம் செலவிலேயே நூலை அச்சிடச் செய்தார். 1886-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 5,000 படிகள் வெளிவந்தன. ஒரு படியின் விலை ஒரு ஷில்லிங். அப்போது அவருக்கு வயது 27. பெயர் பெறாத ஓர் ஆசிரியரின் முதல் நூலை 5,000 படிகள் அச்சிடுவது சிறிய துணிவன்று. படிகள் விற்காமற் போயின் அச்சுக் கூலியும் காகித விலையும் அவர் தலையிலேயே விழுந்திருக்கும்.

ஆனால், நடந்தது வேறு. மூன்று வாரங்களுக்குள் அப்படிகள் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. தாம் நடக்கும் தெருக்களையும், தாம் ஏறிச் செல்லும் வண்டிகளையும் ஒரு நாவலில் கண்ட மெல்போர்ன் மக்கள் அதனை விரும்பி வாங்கினர். மீண்டும் மீண்டும் அச்சிட வேண்டியதாயிற்று. அந்நூலைத் தாமே எழுதியதாகக் கூறிக்கொண்டு திரிந்தோரும் உண்டு. கைக்குக் கை மாறிப் படிக்கப்பட்டதால், அந்த முதற்பதிப்பின் படிகளில் மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன.

இவ்வெற்றியைக் கண்ட பிரெடெரிக் டிரிஷ்லர் முதலிய சிலர், அந்நூலை இலண்டனில் வெளியிட விரும்பினர். அதன் உரிமையை விலைக்குத் தருமாறு ஹியூமைக் கேட்டனர். அவர் 50 பவுன் பெற்றுக்கொண்டு உரிமையை விற்றுவிட்டார். நாடகமாக்கும் உரிமையை மட்டும் தம்மிடம் வைத்துக்கொண்டார். நாடகத்தின்மேல் அவர் கொண்ட பற்று அத்தகையது. ஆஸ்திரேலியாவில் ஈட்டிய புகழ் இலண்டனிலும் தொடரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலும்!

உரிமையை வாங்கியவர்கள் ‘ஹான்சம் வண்டிப் பதிப்பகம்’ என்று நூலின் பெயரையே தம் நிறுவனத்துக்குச் சூட்டி, 1887-இல் இலண்டனில் அதனை வெளியிட்டனர். அங்கும் ஒரு ஷில்லிங் விலையில் அந்நூல் இலட்சக்கணக்கில் விற்றது. விற்பனை 3,00,000 படிகளைத் தாண்டியதாகப் பதிப்பகத்தார் அறிவித்தனர். அக்காலக் கணக்கில் ஒரு பவுன் என்பது 20 ஷில்லிங். ஆகவே, ஹியூம் பெற்ற 50 பவுன், 1,000 படிகளின் விலைக்கே சமம். 3,00,000 படிகளின் விலையோ 15,000 பவுன். அச்சுக் கூலி, காகிதம், வணிகர் பங்கு ஆகியவற்றைக் கழித்தாலும் எஞ்சியது பெருந்தொகையே. அதில் நூலை எழுதியவருக்குப் பங்கு இல்லை. ஒவ்வொரு படிக்கும் ஒரு சிறு தொகை என உடன்படிக்கை செய்திருப்பின், அவர் வாழ்நாள் முழுவதும் வளமாக வாழ்ந்திருக்கலாம். இத்தகைய இழப்பு அவர் ஒருவருக்கே நேர்ந்ததன்று. ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயிலும் தம் முதல் ஹோம்ஸ் நாவலின் உரிமையை 25 பவுனுக்கே விற்றார்.

ஹியூம் 1888-இல் இங்கிலாந்துக்குச் சென்றார். அவ்வாண்டில் அவர் நாவல் இலண்டனில் நாடகமாக நடிக்கப்பெற்றது. நாடக உரிமையை விற்காமல் வைத்திருந்ததன் பயனை அவர் அப்போது பெற்றார். அதே ஆண்டில், அந்நாவலை நகையாடும் வகையில் ‘தள்ளுவண்டியின் மர்மம்’ என்னும் நூலும் வெளிவந்தது. புகழ் பெற்ற நூலையே பிறர் நகையாடுவர் என்பது இதனால் விளங்கும்.

அதன் பின்னர் எழுத்தே அவர் தொழிலாயிற்று. சுரங்க உரிமையாளரான ஒரு பெண்ணைப் பற்றிய ‘மேடம் மைடாஸ்’ என்னும் நாவல் 1888-இல் வெளிவந்தது. 1898-இல் வெளிவந்த ‘அடகுக்கடை ஹேகர்’ என்னும் நூலில், ஜிப்சி இனப் பெண் ஒருத்தி அடகுக்கடை நடத்துகிறாள். அடகுக்கு வரும் பொருள் ஒவ்வொன்றும் ஒரு மர்மத்தைக் கொண்டுவருகிறது. அவள் தன் அறிவுக் கூர்மையால் அதனை விடுவிக்கிறாள். பெண்ணைத் துப்பறிபவராகக் காட்டிய தொடக்க கால நூல்களுள் இதுவும் ஒன்று. இவ்வாறு ஹியூம் எழுதிய நாவல்கள் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்டவை. நாற்பத்துநான்கு ஆண்டுகளில் இத்தனை நூல்கள் என்றால், ஆண்டுக்கு மூன்று நாவல்கள் என்று கணக்காகிறது.

ஆனால், அவற்றுள் ஒன்றேனும் முதல் நாவலின் புகழை எட்டவில்லை. புதிய நூல்களின் முகப்பிலும் ‘ஹான்சம் வண்டியின் மர்மம்’ எழுதிய ஆசிரியர் என்றே பதிப்பாளர்கள் அவரை அறிமுகம் செய்தனர். தமக்கு உரிமையில்லாத அந்நூலின் நிழலிலேயே அவர் வாழ்நாளெல்லாம் எழுத நேர்ந்தது. இதனை எண்ணி அவர் எழுதுவதை நிறுத்தினாரல்லர். அந்நூல் எழுந்த வரலாற்றைப் பின்னாளில் திருத்திய பதிப்பு ஒன்றின் முன்னுரையில் அவரே விளக்கினார்.

எசெக்ஸ் மாவட்டத்தில் தண்டர்ஸ்லி என்னும் சிற்றூரில் அவர் நெடுங்காலம் அமைதியாக வாழ்ந்தார். முதுமையில் இளைஞர் சங்கங்களில் சொற்பொழிவுகளும் ஆற்றினார். 1932-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தம் 73-ஆம் வயதில், அவ்வூரிலேயே மறைந்தார்.

அவர் மறைந்த பின்னும் அந்நாவல் மறையவில்லை. பேசாப் படங்களின் காலத்திலேயே அது திரைக்கு வந்தது. 2012-இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியிலும் படமாக ஒளிபரப்பப்பட்டது. இன்றும் அது அச்சில் உள்ளது. குடியேற்ற நாட்டில் நல்ல நூல் பிறக்காது என்று சொல்லி அதனைத் திருப்பி அனுப்பியவர்களின் பெயர்களை இன்று அறிவார் இலர்.

ஹியூமின் வாழ்க்கையிலிருந்து நாம் அறிய வேண்டுவன இரண்டு. தம் எழுத்தை எவரும் மதியாதபோது அவர் அதனை மதித்தார். கற்றும், அலைந்தும், திருத்தியும் அதனைச் செம்மை செய்தார். தம் பொருளையே முதலாக இட்டு அதனை உலகுக்கு அளித்தார். இது நாம் பின்பற்றத்தக்கது. உலகம் அதனை ஏற்றுக்கொண்ட வேளையில், அதன் மதிப்பை ஆராய்ந்து பாராமல் அவர் கைந்நெகிழ விட்டார். இது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. உழைக்கக் கற்பதோடு, உழைப்பின் பயனைக் காக்கவும் கற்றல் வேண்டும்.