நான்கு தங்கமும் ஒரு சரக்கு லிஃப்ட்டும்

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் நான்கு தங்கப் பதக்கம் வென்று திரும்பிய ஜெஸ்ஸி ஓவன்ஸை நியூயார்க் நகரம் ஊர்வலமாக அழைத்துச் சென்றது. மாடிகளிலிருந்து காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டின. அதன் பிறகு வால்டோர்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் அவருக்குப் பாராட்டு விருந்து. விருந்தின் நாயகன் மேல்தளத்துக்குப் போனது மூட்டை முடிச்சு ஏற்றும் சரக்கு லிஃப்ட்டில். மற்ற லிஃப்ட்டில் கறுப்பருக்கு இடமில்லை. பின்வாசல் என்றால் என்னவென்று இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சரக்கு லிஃப்ட் அவருக்குப் புதிதும் அல்ல. 1913இல் அலபாமா மாநிலத்தின் ஓக்வில் கிராமத்தில் பத்துப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். தாத்தா அடிமையாக இருந்தவர், அப்பா அடுத்தவர் பருத்திக் காட்டில் வாரத்துக்குப் பாடுபட்டவர். பிழைப்புத் தேடிக் குடும்பம் வடக்கே கிளீவ்லாண்டுக்கு நகர்ந்தபோது அவருக்கு ஒன்பது வயது. ஜே.சி. என்று அவர் சொன்ன பெயர் பள்ளி ஆசிரியையின் காதில் ஜெஸ்ஸி என்று விழுந்தது. அதுவே பதிவேட்டில் ஏறி, உலகத்தின் வாயிலும் நிலைத்தது. பள்ளி விட்டதும் வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், பயிற்சியாளர் சார்லஸ் ரைலி அவருக்காகக் காலையிலேயே மைதானத்துக்கு வந்தார்.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு உதவித்தொகை இல்லை, விடுதியில் இடமும் இல்லை. போட்டிக்குப் போகும் ஊர்களில் கறுப்பருக்குச் சோறு போடும் கடையைத் தேட வேண்டும். வயிற்றுப்பாட்டுக்கு மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் லிஃப்ட் இயக்கினார். அங்கும் சரக்கு லிஃப்ட்தான்.

1935 மே 25 அன்று ஆன் ஆர்பர் நகரில் நடந்ததைத் தடகள உலகம் இன்றும் மறக்கவில்லை. முதுகில் அடிபட்டு, குனிந்து நிமிர முடியாத நிலையில் களமிறங்கினார். சுமார் 45 நிமிடங்களில் மூன்று உலக சாதனைகளைப் படைத்தார், ஒன்றைச் சமன் செய்தார். நீளம் தாண்டுதலில் ஒரே ஒரு முறைதான் தாண்டினார். அதற்கு முன் அன்றைய உலக சாதனை தூரத்தில் ஒரு கைக்குட்டையை வைக்கச் சொன்னார். ஓடி வந்து பலகையில் மிதித்து எழும்பியவர் கைக்குட்டையைத் தாண்டி விழுந்தார். 8.13 மீட்டர். மனிதர் எட்டு மீட்டரைக் கடந்தது அதுவே முதல்முறை. 1960இல் ரால்ஃப் பாஸ்டன் முறியடிக்கும்வரை 25 ஆண்டுகள் அந்தத் தூரம் நின்றது. பாஸ்டனும் கறுப்பர்தான்.

பெர்லினில் ஹிட்லர் கண்முன்னே 8.06 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 100 மீட்டர், 200 மீட்டர், தொடரோட்டம் மூன்றிலும் தங்கம். நீளம் தாண்டுதலில் இரண்டாமிடம் பெற்ற ஜெர்மானியர் லூட்ஸ் லாங், அத்தனை கூட்டத்தின் முன்னிலையில் அவரைப் பாராட்டித் தோளோடு தோள் சேர்ந்து நடந்தார். தகுதிச் சுற்றில் லாங் யோசனை சொல்லித் தன்னைக் காப்பாற்றினார் என்று ஓவன்ஸ் பின்னாளில் சொல்லிவந்த கதையை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. ஆனால் இருவரும் புல்தரையில் படுத்துப் பேசிக்கொண்டிருக்கும் படம் இருக்கிறது. லாங் 1943இல் சிசிலிப் போர்முனையில் இறந்தார்.

ஹிட்லர் கைகுலுக்கவில்லை என்பதை மட்டும் ஊர் ஊராகச் சொல்கிறோம். சொந்த நாட்டின் அதிபர் ரூஸ்வெல்ட் ஓவன்ஸை வெள்ளை மாளிகைக்கு அழைக்கவில்லை, ஒரு வாழ்த்துத் தந்திகூட அனுப்பவில்லை. அது தேர்தல் ஆண்டு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வீழ்ச்சி உடனே வந்தது. ஒலிம்பிக் முடிந்த கையோடு, காசு கொடுக்காமல் ஐரோப்பா முழுக்க ஓடவைத்தது அமெரிக்க அமெச்சூர் தடகளச் சங்கம். களைத்துப்போய் சுவீடனுக்கு வர மறுத்தவரை இடைநீக்கம் செய்தது. 23 வயதை எட்டும் முன்பே போட்டி வாழ்க்கை முடிந்துவிட்டது. அந்த டிசம்பரில் ஹவானாவில், பணத்துக்காக ஒரு பந்தயக் குதிரையோடு ஓடினார். அதைக் கேவலம் என்றவர்கள் உண்டு. நான்கு பதக்கத்தை வைத்து அடுப்பெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சலவைத் தொழில் தொடங்கி நொடித்துப்போனார். 1955இல் அமெரிக்க அரசு அவரை விளையாட்டுத் தூதராக நம் நாட்டுக்கும் அனுப்பியது. அதே அரசு 1966இல் வரி கட்டாத வழக்கில் அவருக்கு அபராதம் விதித்தது.

அவரைப் பற்றி எழுதும்போது 1968ஐத் தாண்டிப் போவது நேர்மையாகாது. மெக்சிகோவில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் பதக்க மேடையில் கறுப்புக் கையுறை முஷ்டியை உயர்த்தியபோது, அமெரிக்க ஒலிம்பிக் குழுவின் சார்பில் கறுப்பு வீரர்களைச் சமாதானப்படுத்தப் போனவர் ஓவன்ஸ். அவர்கள் அவர் பேச்சை ஏற்கவில்லை. 1970இல் போராளிகளைக் கண்டித்து ஒரு நூலும் வெளியிட்டார். கறுப்பர்களிடமிருந்தே கடும் விமர்சனம் வந்தது. அதன்பின், 1972இல், தான் மாறிவிட்டதாகத் தலைப்பிலேயே அறிவித்து இன்னொரு நூலை எழுதி, தன் பழைய கருத்துகளைத் திருத்திக்கொண்டார். அறுபதை நெருங்கும் வயதில் அதைச் செய்யப் பலருக்கு மனம் வராது.

1980 மார்ச் 31 அன்று நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். நெடுங்காலம் புகைபிடித்தவர். நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கத்தை அதிபர் புஷ் 1990இல் வழங்கியபோது, அதை வெள்ளை மாளிகையில் வாங்கிக்கொண்டவர் அவர் மனைவி ரூத்.