மலரில் வாழும் மங்கை – டாக்டர் ஜானகி அம்மாள்

முன்னுரை

மலர்களை விரும்பாதவர் இவ்வுலகில் உண்டோ? எங்கள் ஒக்கூரின் பெயரைத் தாங்கிய மாசாத்தியார் என்னும் பெண்பாற் புலவர், சங்க காலத்திலேயே முல்லை மணக்கும் பாடல்களைப் பாடியிருக்கிறார். மலரைப் பாடிய பெண்ணை நாங்கள் அறிவோம். மலரில் புதுவகையையே உருவாக்கிய பெண்ணை அறிவோமா? தோட்டங்களை அழகு செய்யும் ரோஜா, டாலியா, ஜெரேனியம் ஆகியவற்றின் எத்தனையோ வகைகள் தாமாக முளைத்தவை அல்ல. பொறுமையுள்ள மனிதர்கள் பல்லாண்டுகள் உழைத்து உருவாக்கியவை. அவ்வாறு உழைத்த இந்தியப் பெண்மணி டாக்டர் எடவலத் கக்கட் ஜானகி அம்மாள் அவர்களின் வாழ்க்கையை இங்குக் காண்போம்.

இளமையும் கல்வியும்

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் மலபாரில் உள்ள தலச்சேரியில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணன் நீதிபதியாகப் பணியாற்றியவர். வீட்டில் தோட்டம் வளர்ப்பதிலும் பறவைகளைப் பற்றி ஆராய்வதிலும் ஆர்வம் மிக்கவர். அந்த ஆர்வம் மகளையும் பற்றிக்கொண்டது. நம்மைப் போலவே கன்னியர் மடப் பள்ளியில் பயின்ற ஜானகி, பின்னர்ச் சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1921இல் தாவரவியலில் சிறப்புப் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் நம் நாட்டில் நூறு பெண்களில் இருவருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. பருவம் வந்த பெண்ணுக்குத் திருமணமே வழி என்று எண்ணிய காலம். ஜானகியோ படிப்பையே தம் வழியாகத் தேர்ந்துகொண்டார். இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தபோது, ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். 1931இல் அங்கே அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்றார்.

கரும்பும் நாணலும்

தாய்நாடு திரும்பிய அவர், 1934இல் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார். 1912இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. பொங்கலுக்கு நாம் கடித்துச் சுவைக்கும் தடித்த கரும்பில் சாறு மிகுதி. ஆனால் நோயையும் வறட்சியையும் அது எளிதில் தாங்காது. ஆற்றோரம் தானாக வளரும் நாணலில் இனிப்பு இல்லை. ஆனால் எதையும் தாங்கும் வலிமை உண்டு. இவ்விரண்டையும் இணைத்துத்தான் பார்பர், வெங்கட்ராமன் ஆகிய அறிஞர்கள் அந்நிலையத்தில் புதிய கரும்பு வகைகளை உருவாக்கினார்கள். 'கோ 205' என்னும் முதல் வகை 1918இல் வெளிவந்தது.

எந்தச் செடியை எதனோடு சேர்த்தால் பலன் கிட்டும் என்பதை அறிய, செடியின் உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்களை எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இவைதாம் தாய்ச்செடியின் குணங்களைச் சேய்ச்செடிக்குக் கொண்டு செல்கின்றன. மெண்டல் என்னும் துறவி தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கண்ட பாரம்பரிய விதிகளின் தொடர்ச்சியே இது. ஜானகி அம்மாள் மைக்ராஸ்கோப்பின் முன் அமர்ந்து, கரும்பின் குரோமோசோம்களையும் நாணலின் குரோமோசோம்களையும் ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் பிற புல்லினங்களோடும் இணைத்துப் பார்த்தார். பெண் என்பதாலும் பிறந்த குலத்தாலும் நேர்ந்த இடையூறுகள் அவரைத் தளரச் செய்யவில்லை.

பெயர் பெற்ற மலர்

1939இல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டிற்குச் சென்றபோது இரண்டாம் உலகப் போர் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கி, ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் பணியாற்றினார். இரவில் குண்டுகள் விழும். பகலில் ஆராய்ச்சி நடக்கும். டார்லிங்டன் என்னும் அறிஞரோடு சேர்ந்து, பயிராகும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945இல் பெரும் நூல் ஒன்றை வெளியிட்டார்.

பின்பு விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் ஆராய்ச்சி செய்தார். அங்கே அவர் கையாண்ட பொருள் கால்சிசின். நம் மாநில மலராகிய செங்காந்தளிலும் இருக்கும் நஞ்சு அது! வளரும் நாற்றின் நுனியில் அதை அளவாக இட்டால், உயிரணு பிரியாமலே குரோமோசோம்கள் இரு மடங்காகும். இலை தடிக்கும், பூவிதழும் தடிக்கும். நம் செண்பகத்தின் உறவாகிய மக்னோலியா மர நாற்றுகளில் இம்முறையை அவர் செய்து பார்த்தார். அவ்வாறு தோன்றிய வெண்ணிறப் பூ வகை ஒன்று 'ஜானகி அம்மாள்' என்றே பெயர் பெற்று இன்றும் பூக்கிறது.

தாயகப் பணி

1951இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் திரும்பி வந்து, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைத்தார். 1977இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. எளிய புடவையும் எளிய வாழ்வுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டம் எழுந்தபோது, முதுமையிலும் அதனை எதிர்த்து நின்றார். புதுச் செடிகளை உருவாக்கியவர் பழைய காட்டுக்காக ஏன் போராட வேண்டும்? காட்டு நாணல் இல்லையேல் வலிய கரும்பு இல்லை என்பதை அறிந்தவர் அவர். இயற்கை தந்த செடிகள் அழிந்துவிட்டால், எதைக் கொண்டு மனிதன் புதியதை உருவாக்குவான்? 1984 பிப்ரவரி 7ஆம் நாள், சென்னையை அடுத்த மதுரவாயலில் இருந்த ஆய்வுக்கூடத்தில் பணியில் இருந்தபோதே அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைக் காண அவர் இல்லை. பிற்காலத்தில் கொடைக்கானலில் வீரராகவன் தம்பதியர் உருவாக்கிய ரோஜா ஒன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

முடிவுரை

தோழியரே! பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் மேலே எதைப் படிப்பது என்ற கேள்வி நம் முன் நிற்கும். பெண்ணுக்கு இவ்வளவு படிப்பு எதற்கு என்ற கேள்வியும் சில வீடுகளில் எழும். அன்புப் பெற்றோர்களே, தலச்சேரியில் ஒரு தந்தை தம் மகளுக்குத் தோட்டத்தையும் புத்தகத்தையும் தந்ததை எண்ணிப் பாருங்கள். நாமும் நம் கண்மாய்க் கரையில் வளரும் புல்லையும் பூண்டையும் வேண்டாதவை என்று பிடுங்கி எறியுமுன், அவற்றின் பெயரையும் குணத்தையும் கேட்டு அறிவோம். இருப்பதைக் காப்போம், இல்லாததை உருவாக்கக் கற்போம். ஜானகி அம்மாள் காட்டிய வழியில் நடப்போமாக!