வந்தாரை வாழவைத்த வீடு
(ஜேன் ஆடம்ஸ் அம்மையாரின் வாழ்வும் பணியும்)

1890ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சிகாகோ நகரின் மக்கள்தொகை பத்து இலட்சத்தைக் கடந்திருந்தது. அவர்களுள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அயல்நாடுகளில் பிறந்தோர், அல்லது அத்தகையோரின் மக்கள். இறைச்சிக் கூடங்களும் இரும்பாலைகளும் தையற் கூடங்களும் அவர்தம் உழைப்பை வேண்டின. அவர்தம் வாழ்வைப் பற்றிக் கவலைப்படுவார் எவருமிலர். மொழி புரியாத நகரில், காற்றும் வெளிச்சமும் புகாத மரவீடுகளில் நெருங்கி வாழ்ந்த அம்மக்களுக்கு நடுவே, வசதி படைத்த குடும்பத்துப் பெண்ணொருவர் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடியேறினார். அவர்தாம் ஜேன் ஆடம்ஸ் அம்மையார். உதவி செய்ய வருவோர் மாலையில் தம் மாளிகைக்குத் திரும்பிவிடுவது வழக்கமாயிருந்த காலத்தில், அவர் திரும்பிச் செல்லவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த வீடே அவர் வீடாயிற்று.

இளமையும் தேடலும்

இல்லினாய் மாநிலத்துச் செடர்வில் என்னும் சிற்றூரில் 1860ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் ஜேன் பிறந்தார். தந்தையார் ஜான் ஆடம்ஸ் மாவு ஆலை உரிமையாளர். மாநில மேலவை உறுப்பினர். ஆபிரகாம் லிங்கனின் நண்பர். தாயை இரண்டு வயதிலேயே இழந்த ஜேனுக்குத் தந்தையே உலகம். குழந்தைப் பருவத்தில் கண்ட முதுகெலும்புக் காசநோயால் அவர் உடல் சற்றே கோணியது. கம்பீரமான தோற்றமுடைய தம் தந்தைக்கு இத்தகைய மகளா என்று பிறர் எண்ணிவிடுவரோ எனக் கூசி, கோயிலுக்குச் செல்கையில் தந்தையை விட்டு விலகி நடந்த நாள்களை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ராக்ஃபோர்டு பெண்கள் கல்லூரியில் 1881இல் படிப்பை முடித்தார். அதே ஆண்டு தந்தை திடுமென மறைந்தார். பிலடெல்பியாவில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தும் உடல்நலம் இடம் கொடாமையால் பாதியில் நின்றார். பின்வந்த ஆண்டுகள் திசை தெரியாது திரிந்த ஆண்டுகள். படித்த பெண்ணுக்குத் திருமணமன்றி வேறு வாழ்வில்லை என்றிருந்த சமூகத்தில், கற்ற கல்வியை எங்கே இறக்கிவைப்பது என்பதே அவருடைய நோயாயிற்று.

ஐரோப்பியப் பயணம் ஒன்றில் அவர் கண்ட காட்சி, பின்னர் அவரை விட்டு அகலவேயில்லை. 1883ஆம் ஆண்டு, கிழக்கு இலண்டனில் ஒரு சனிக்கிழமை நள்ளிரவு. அழுகத் தொடங்கிய காய்கறிகளை ஏலம் விடும் வண்டிகளைச் சுற்றி ஏழைமக்கள் நெருக்கியடித்து நின்றனர். விளக்கொளியில் அவர் கண்ணுக்குப் பட்டவை முகங்களல்ல, மேலே நீண்ட கைகள். உழைத்து உருக்குலைந்த வெறுங்கைகள். அக்கைகளைக் கண்ட பின் ஓவியக்கூடங்களிலும் இசையரங்குகளிலும் மனம் ஒன்றவில்லை என்பது அவர் எழுத்தால் அறியக்கிடக்கிறது.

1888இல் மீண்டும் இலண்டன் சென்றபோது, டாயின்பீ மண்டபத்தைக் கண்டார். சாமுவேல் பார்னெட் என்னும் சமயகுரு 1884இல் தொடங்கிய அம்மண்டபத்தில், பல்கலைக்கழக இளைஞர்கள் ஏழைகளிடையே குடியிருந்து பணியாற்றினர். தேடியது கிடைத்தது. தோழி எலன் கேட்ஸ் ஸ்டாருடன் சிகாகோ திரும்பி, ஹால்ஸ்டெட் தெருவில் சார்லஸ் ஹல் என்பார் 1856இல் கட்டிய பழைய மாளிகையைக் கண்டுபிடித்தார். 1889ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் ஹல் இல்லம் திறந்தது.

அண்டை வீட்டார் கற்பித்த பாடம்

தோழியர் இருவரும் முதலில் எண்ணியது கலையையும் இலக்கியத்தையும் பகிர்ந்துகொள்வதையே. ஆயின் கதவைத் தட்டியவர்களின் தேவை வேறாயிருந்தது. வேலைக்குச் செல்லும் தாய்மார் குழந்தைகளை மேசைக்காலில் கட்டிப்போட்டுவிட்டுச் சென்றனர். ஆகவே குழந்தைகள் காப்பகம் எழுந்தது. மணமாகாத பெண்ணொருத்தி பிள்ளைப்பேற்று வலியால் துடித்தபோது, அண்டை அயலார் விலகி நின்றனர். ஜேன் அம்மையாரும் ஜூலியா லாத்ரப்பும் மருத்துவச்சிகளாயினர். கணவன் அடியிலிருந்து தப்பி வந்தவளுக்கு இடம் தந்தனர், இறந்தோரை நீராட்டினர். இரண்டாம் ஆண்டிலேயே வாரத்திற்கு இரண்டாயிரம் பேர் வந்து சென்றனர். மழலையர் பள்ளி, இரவு வகுப்புகள், உடற்பயிற்சிக் கூடம், இசைப்பள்ளி, நாடக அரங்கு, உழைக்கும் பெண்கள் கூட்டாக நடத்திய விடுதி என வளர்ந்து, 1907க்குள் பதின்மூன்று கட்டடங்களாக அவ்வில்லம் விரிந்தது.

எல்லா முயற்சியும் வென்றதில்லை. சத்துணவு ஆய்வின்படி சமைத்துக் குறைந்த விலைக்கு விற்கும் பொதுச் சமையற்கூடம் ஒன்றை நிறுவினர். அறிவியல் முறைப்படி ஆக்கிய அவ்வுணவை அண்டைவீட்டார் வாங்கவில்லை. இத்தாலியருக்கு அவர்தம் உணவு, யூதருக்கு அவர்தம் நெறிப்படி ஆன உணவு. சத்து இருந்தாலென்ன, தமக்குப் பிடித்ததை உண்பதே தமக்கு வேண்டும் என்று ஒரு பெண்மணி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அம்மையார் அதில் வருந்தவில்லை. பிறர்க்கு எது நன்று என்பதை அவர்களைக் கேளாமலே முடிவு செய்தல் ஆகாது என்னும் பாடத்தை அதில் கண்டார்.

தாயும் மகளும் நுழைந்த வாயில்

குடியேறிய குடும்பங்களில் பட்டினியைவிட ஆழமான ஒரு துயரம் இருந்ததை அம்மையார் கண்டறிந்தார். பள்ளி சென்று ஆங்கிலம் கற்ற பிள்ளைகள், பெற்றோரின் பேச்சையும் உடையையும் கண்டு நாணினர். ஊரில் மதிப்போடு வாழ்ந்த கைவினைஞர், இங்கே தம் பிள்ளைகள் கண்முன்னரே ஒன்றுமறியாதவராயினர். வீட்டில் மொழிபெயர்ப்பாளன் ஆகிய பிள்ளை வீட்டுத் தலைவனும் ஆகிவிட்டான்.

இதற்கு அவர் கண்ட மருந்து, 1900ஆம் ஆண்டு தொடங்கிய உழைப்பு அருங்காட்சியகம். இத்தாலியர், சிரியர், ரஷ்யர், ஐரிஷ் மக்கள் எனப் பல நாட்டு முதியவர்கள் தத்தம் முறையில் நூல்நூற்றும் நெய்தும் காட்டினர். வழக்கமாக மாணவராய் வந்தோர் அங்கே ஆசிரியராயினர். ஏஞ்சலினா என்ற இத்தாலியச் சிறுமியைப் பற்றி அம்மையார் எழுதியுள்ளார். சமையல் வகுப்புக்கு வரும் அவள், அதே நேரத்தில் நூற்கவரும் தாயுடன் சேர்ந்து வர நாணி வேறு வாயிலால் நுழைவாள். ஒருநாள் தன் தாயைச் சுற்றிக் கல்வியாளர் கூட்டமொன்று வியந்து நிற்பதைக் கண்டாள். கதிர்கோலால் நூற்பதில் அவளுக்கு நிகர் அமெரிக்காவிலேயே அரிது என அவர்கள் போற்றுவதை அறிந்தாள். அதன்பின் தாயும் மகளும் ஒரே வாயிலால் நுழைந்தனர். புதிய நாட்டை ஏற்பதற்குப் பழைய நாட்டைத் துறக்க வேண்டுவதில்லை என்னும் கொள்கைக்கு இதனினும் தெளிவான விளக்கம் வேண்டுமோ?

தெருக் குப்பையும் நாட்டுச் சட்டமும்

அன்பு மட்டும் போதாது என்பதையும் அத்தெருவே கற்பித்தது. மலைபோற் குவிந்த குப்பை குழந்தைகளைக் கொன்றது. குத்தகைதாரர் அள்ளவில்லை, நகராட்சி கேட்கவில்லை. 1895இல் அம்மையாரே தம் வட்டத்தின் குப்பை அகற்றும் பணிக்கு மேற்பார்வையாளராக நியமனம் பெற்றார். காலை ஆறு மணிக்கே எழுந்து குப்பை வண்டிகளின் பின்னே சென்றார். பெண்ணுக்கு இது தகுமா என அயல்நாட்டுத் தாய்மாரே திகைத்தனர். ஒரு தெருவில் பதினெட்டு அங்குலக் குப்பைக்குக் கீழே, எவரும் அறியாத கற்பாவிய சாலை வெளிப்பட்டதாம். இறப்பு விகிதத்தில் நகர வட்டங்களுள் மூன்றாம் இடத்திலிருந்த அவ்வட்டம் ஏழாம் இடத்துக்கு இறங்கியது.

ஹல் இல்லத்தின் முதல் கிறிஸ்துமஸ் நாளில் மிட்டாய் வழங்கியபோது சிறுமியர் சிலர் வாங்க மறுத்தனர். மிட்டாய்த் தொழிற்சாலையில் காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரை உழைத்தவர்கள் அவர்கள். அதனைக் காணவே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1891இல் இல்லத்திற்கு வந்துசேர்ந்த புளோரன்ஸ் கெல்லி, வியர்வைக் கூடங்களின் நிலையை ஆராய்ந்து உலகறியச் செய்தார். சட்டம் வேண்டுமென்ற கிளர்ச்சியைக் கைவிட்டால் ஐம்பதாயிரம் டாலர் நன்கொடை தருவதாகத் தொழிலதிபர் சிலர் சார்பில் தூது வந்தது. இப்படியும் ஒருவர் தம்மிடம் பேரம் பேசத் துணிந்தாரே என்று அம்மையார் நாணினார், மறுத்தார். 1893இல் சட்டம் நிறைவேறியது. பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையில் அமர்த்துவது தடைசெய்யப்பட்டது. பெண்களின் வேலைநேரம் எட்டு மணியாயிற்று. எட்டு மணி நேர விதியை மாநில உச்சநீதிமன்றம் 1895இல் தள்ளிவிட்டது. எனினும் போராட்டம் ஓயவில்லை. 1899இல் அமெரிக்காவின் முதற் சிறார் நீதிமன்றம் சிகாகோவில் அமைந்ததிலும் ஹல் இல்லத்தாரின் பங்கு பெரிது.

1908இல் குடியேறியோர் பாதுகாப்புக் கழகம் தோன்றியது. கிரேஸ் அபட் அதன் இயக்குநரானார். தனியே வந்திறங்கும் இளம்பெண்களைப் புகைவண்டி நிலையத்தில் எதிர்கொண்டு, உறவினரிடம் சேர்ப்பிப்பதும், ஏமாற்று வேலைமுகவர்களிடமிருந்து காப்பதும் அதன் பணிகள். கையில் ஒரு முகவரித் தாளை மட்டும் பற்றிக்கொண்டு பெருநகரில் நிற்கும் பெண்ணுக்கு, அவள் மொழியில் பேசும் ஒருவர் அந்நிலையத்தில் இருந்தார் என்பது சிறிய செய்தியன்று.

தூற்றலும் போற்றலும்

1901இல் குடியரசுத் தலைவர் மெக்கின்லி சுடப்பட்டபோது, அரசின்மைக் கொள்கைப் பத்திரிகை நடத்திய ரஷ்ய நாட்டு ஐசக் என்பாரைக் காவலர் சிறையிட்டு, வழக்கறிஞரைக்கூடக் காணவொட்டாது தடுத்தனர். அம்மையார் மேயரிடம் நேரிற் சென்று வாதாடி அவரைச் சிறையிற் கண்டார். ஆதாரமின்மையால் ஐசக் விடுதலையானார். அம்மையாருக்கு வசைமாரி கிடைத்தது. 1908இல் யூத இளைஞன் அவெர்புக்கைக் காவல்துறைத் தலைவரே சுட்டுக்கொன்றபோதும், உண்மை விசாரிக்கப்பட வேண்டுமென அவர் முன்நின்றார். கொடுங்கோன்மைக்கு அஞ்சி ஓடிவந்தவர்க்கு இங்கும் அதே முகத்தைக் காட்டினால் சட்டத்தை அவர்கள் எங்ஙனம் நம்புவர் என்பது அவர் வாதம்.

அவருக்கும் குறைகள் உண்டு. வண்ணமக்கள் முன்னேற்றத் தேசியச் சங்கம் 1909இல் உருவாகத் துணைநின்றவர் அவர். ஆயினும் 1912இல் முற்போக்குக் கட்சி மாநாட்டில் தென்மாநிலக் கறுப்பினப் பேராளர்கள் ஒதுக்கப்பட்டபோது, மனம் நொந்தும் அக்கட்சியை விட்டு விலகவில்லை, ரூஸ்வெல்ட்டை வழிமொழிந்தார். ஐரோப்பியரை வரவேற்ற அளவுக்குக் கறுப்பின மக்களை ஹல் இல்லம் தன்னுட் சேர்த்துக்கொள்ளவில்லை என்னும் வரலாற்றாசிரியர் கருத்தும் புறந்தள்ளற்குரியதன்று.

முதல் உலகப்போர் அவர் புகழைச் சாய்த்தது. 1915இல் ஹேக் நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கூடிய சமாதான மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பல நாட்டு மக்கள் ஒரே தெருவில் வாழ இயலுமாயின், பல நாடுகள் ஒரே உலகில் வாழ இயலாதா என்று எண்ணியவர் அவர். துப்பாக்கி ஈட்டியுடன் பாயுமுன் போர்வீரருக்கு மது தரப்படுவதை அவர் மேடையில் எடுத்துரைத்தபோது, ஏடுகள் வீரர்களை இழிவுபடுத்தினார் எனப் பொங்கின. 1917இல் அமெரிக்கா போரில் இறங்கிய பின்னும் அவர் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தேசத் துரோகி என்று பழிக்கப்பட்டார். கைதட்டி வரவேற்ற அவைகள் கதவடைத்தன. 1924ஆம் ஆண்டுச் சட்டம் தென், கிழக்கு ஐரோப்பியரின் வருகையையே சுருக்கிவிட்டது.

காலம் மெல்லத் திரும்பியது. 1931இல் நோபல் சமாதானப் பரிசு நிக்கலஸ் பட்லருடன் சேர்த்து அவருக்கு வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே. பரிசளிப்பு விழா ஆஸ்லோவில் நடந்த நாளில் அவர் பால்டிமோர் மருத்துவமனையில் இருந்தார். அதே 1931இல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகள், விடுதிகளை விலக்கி, கிழக்கு இலண்டனின் ஏழை உழைப்பாளர் நடுவே மியூரியல் லெஸ்டர் நடத்திவந்த கிங்ஸ்லி மண்டபத்தில் தங்கினார். மக்களுக்குப் பணிசெய்ய மக்கள் நடுவே வாழ்தல் வேண்டும் என்னும் ஒரே எண்ணத்தின் கிளைகளே இவ்வில்லங்கள்.

1935ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் அம்மையார் மறைந்தார். ஹல் இல்லத்து முற்றத்தில் அவர் உடலுக்கு அஞ்சலி செலுத்த மக்கள் திரண்டனர். பின்னர் செடர்வில் மண்ணில் அடக்கம் செய்யப்பட்டார்.

எஞ்சி நிற்பது

1960களில் பல்கலைக்கழக வளாகத்திற்காக அப்பகுதியே இடிக்கப்பட்டது. வட்டாரத்துப் பெண்கள் போராடியும் பயனில்லை. பதின்மூன்று கட்டடங்களுள் பழைய மாளிகையும் உணவுக்கூடமும் மட்டும் தப்பின. மாளிகை 1967 முதல் அருங்காட்சியகமாயிற்று. வேறிடங்களில் பணியைத் தொடர்ந்த ஹல் இல்லச் சங்கம், அரசு நிதியையே பெரிதும் சார்ந்திருந்து, அது வற்றியபோது 2012 ஜனவரியில் மூடப்பட்டது. கட்டடமும் நிதியும் நிலையானவை அல்ல.

ஆயின் அவ்வீடு தோற்றுவித்த வழக்கங்கள் நிலைத்தன. சிறாரைக் குற்றவாளியாக அன்றிக் குழந்தையாகக் கருதும் நீதிமன்றமும், தொழிற்சாலைக்குச் செல்லாமல் பள்ளிக்குச் செல்லும் பிள்ளையும், புதிதாய் வந்தவரின் மொழியறிந்த ஒருவர் வாயிலில் இருக்க வேண்டும் என்னும் எண்ணமும் அவ்வீட்டின் கொடைகள். பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் மலரில் இவ்வம்மையாரை எண்ணுவதற்குக் காரணம் உண்டு. கலையும் இலக்கியமும் கொண்டு தொடங்கிய ஓர் இல்லம், வாயிலில் நின்றவரின் குரலுக்குச் செவிசாய்த்ததனால் வளர்ந்தது. கற்பிக்கப் புகுந்தவர் கற்றுக்கொண்டமையே அதன் பெருமை. அண்டை வீட்டாரின் குரல் கேட்கும் தொலைவில் வாழ்பவர்க்கு அக்கல்வி என்றும் கிட்டும்.