உழைப்புக்கு உரிமை கேட்ட வ.உ.சி.

நுழையும்முன்

வ.உ.சிதம்பரனாரைக் கப்பலோட்டிய தமிழர் என்று அறிவோம். செக்கிழுத்த செம்மல் என்றும் அறிவோம். கப்பலுக்கும் செக்குக்கும் இடையே, 1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அவர் ஒன்பது நாள்கள் ஆலைத் தொழிலாளர்களோடு நின்றார். அவ்வொன்பது நாள்களை நடுவில் வைத்து அவர்தம் வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

கொடையும் கூலியும்

தென்காசிக்கு அருகே, குற்றாலச் சாரல் எட்டும் தொலைவில் ஆய்க்குடி என்னும் ஊர் உள்ளது. பொதியமலை நாட்டை ஆண்ட ஆய் அண்டிரனின் பெயரை இவ்வூர் நினைவூட்டுகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அவன், நாடி வந்தோர்க்கு யானைகளையும் பரிசிலாக வழங்கினான் என்று சங்கப் புலவர்கள் போற்றினர். வள்ளலின் கொடை பெறுவோரை மகிழ்விக்கும். ஆயினும் எதை, எவ்வளவு, எப்போது தருவது என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்வார். உழைத்தவர் பெறும் கூலி அத்தகையதன்று. அது செய்த வேலைக்கு உரிய பங்கு. அதைக் கேட்பதில் இரத்தலும் இல்லை, தாழ்வும் இல்லை. இவ்வேறுபாட்டைத் திருநெல்வேலிச் சீமையில் தம் செயலால் விளங்க வைத்தவர் வ.உ.சி.

ஆய்க்குடி போன்ற வயல்சூழ்ந்த ஊர்களில் உழவுத் தொழிலாளரின் கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. மரக்காலும் படியும் அதன் அளவைகள். நடவு, களையெடுப்பு, அறுவடை ஆகியவை மழையையும் குளத்து நீரையும் பார்த்து நடந்தன. ஓய்வின்றி உழைத்த மாதங்களும் உண்டு. வேலையே கிட்டாமல் வருந்திய மாதங்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இச்சீமைக்குள் வேறொரு வகையான வேலை நுழைந்தது. 1880களில் ஹார்வி நிறுவனத்தார் தாமிரபரணியின் நீர்விசையைக் கொண்டு பாபநாசத்தில் நூற்பாலை அமைத்தனர். 1888இல் தூத்துக்குடியில் கோரல் நூற்பாலை தோன்றியது. கரிசல் நிலத்துப் பருத்தி அங்கே நூலாயிற்று. வேலையைத் தொடங்கவும் முடிக்கவும் இப்போது கதிரவன் தேவைப்படவில்லை. ஆலையின் சங்கு போதுமானதாக இருந்தது.

ஒட்டப்பிடாரத்து வழக்கறிஞர்

வ.உ.சிதம்பரனார் 1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாதர், தாயார் பரமாயி அம்மையார். தந்தையைப் போலவே சட்டம் பயின்று வழக்கறிஞரானார். குற்றவியல் வழக்குகளில் தேர்ந்த அவர், எளியோர்க்காக வாதாடுபவர் என்று பெயர் பெற்றார். 1900ஆம் ஆண்டில் தம் தொழிலைத் தூத்துக்குடிக்கு மாற்றிக் கொண்டார்.

துறைமுக நகரமான தூத்துக்குடியில் பஞ்சும் நூலும் கப்பலேறுவதை அவர் நாள்தோறும் கண்டார். கப்பலும் ஆலையும் அயலார் வசம் இருந்தன. சுமப்பதும் நூற்பதும் இம்மண்ணின் மக்களாக இருந்தனர். வங்கத்தில் எழுந்த சுதேசி இயக்கம் அவரை ஈர்த்தது. தருமசங்க நெசவுசாலையை நிறுவி உள்ளூர்த் தொழிலுக்கு வழி தேடினார். 1906ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். அதன் மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய் என்று வைத்து 40,000 பங்குகள் வெளியிடப்பட்டன. பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. போட்டியை முறிக்க ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. பின்னர்க் கட்டணமின்றியே பயணிகளை ஏற்றிக்கொள்ளவும் முன்வந்தது.

ஆலைக்குள் ஆணும் பெண்ணும் சிறுவரும்

அக்கால நூற்பாலை ஒன்றினுள் நுழைந்து பார்ப்போம். முதற்பகுதியில் பஞ்சுப்பொதியை உடைத்துத் தூசு நீக்குவோர் இருப்பர். அடுத்த பகுதியில் பஞ்சைச் சிக்கெடுத்துப் பட்டையாக்குவோர். அதன்பின் நூற்பு இயந்திரங்களின் நீண்ட வரிசைகள். இழை அறுந்தால் உடனே ஒட்ட வேண்டும். நூல் நிரம்பிய கட்டைகளை எடுத்துவிட்டு வெற்றுக் கட்டைகளைச் செருக வேண்டும். விரைந்த கையும் சிறிய உடலும் இவ்வேலைக்கு ஏற்றவை என்று கருதிச் சிறுவர்களை அமர்த்தினர். நூலைச் சிட்டமாகச் சுற்றும் பகுதியில் பெண்கள் மிகுந்திருந்தனர். பழுது பார்க்கும் கொல்லர், பொறி இயக்குநர் ஆகியோர் தனிப் பிரிவினர்.

ஒரே கூரையின்கீழ் கூலியும் பலவாக இருந்தது. கைத்தொழில் தேர்ச்சியுடைய கொல்லரும் பொறி இயக்குநரும் மேல்நிலையில் இருந்தனர். நூற்பு இயந்திரத்தை இயக்கிய ஆடவர் அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்தனர். சிட்டம் சுற்றும் பெண்களுக்குச் சுற்றிய அளவைக் கணக்கிட்டுக் கூலி தரப்பட்டது. பஞ்சு வரத்துக் குறைந்தாலும் இயந்திரம் நின்றாலும் அவர்தம் வருவாயே குறையும். சிறுவர்களின் கூலி எல்லாவற்றினும் கீழே நின்றது. வேலைக்கு ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் பெரும்பாலும் மேஸ்திரியின் சொல்லைப் பொறுத்தே நடந்தன. தாமதமாக வந்தாலும் நூல் பழுதானாலும் தண்டம் பிடிக்கப்பட்டது. ஆகவே பேசிய கூலி ஒன்றாகவும் கைக்கு வந்த கூலி வேறாகவும் இருந்தன.

சட்டம் இல்லாமல் இல்லை. 1881ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 1891ஆம் ஆண்டின் சட்டம் அவ்வயதை ஒன்பதாக உயர்த்தியது. ஒன்பது முதல் பதினான்கு வயது வரையிலானோர்க்கு நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் என்றும், பெண்களுக்குப் பதினொரு மணி நேரம் என்றும் வரையறுத்தது. வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்றும் விதித்தது. வயதுவந்த ஆடவர் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்பதற்கு அச்சட்டத்தில் எல்லையே இல்லை.

மாணவர்களே! இங்கே சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பதினான்கு வயது நிறைந்தவர் அச்சட்டத்தின் கண்ணில் வளர்ந்த ஆள். பதினோராம் வகுப்பில் அமர்ந்திருக்கும் உங்கள் வயதுடைய இளைஞர், அன்றைய ஆலையில் வரம்பின்றி வேலை வாங்கப்படத் தக்கவராக இருந்தார். உங்கள் வயதுடைய பெண்ணுக்குப் பதினொரு மணி நேர வேலை சட்டத்துக்கு உட்பட்டது.

ஒன்பது நாள்கள்

1908ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் தூத்துக்குடியில் நிகழ்ந்த பொதுக்கூட்டத்தில் வ.உ.சி. கோரல் ஆலைத் தொழிலாளரின் நிலையை எடுத்துரைத்தார். குறைந்த கூலிக்கும் கடுமையான வேலைச்சூழலுக்கும் எதிராக அவர்கள் ஒன்றுபட வேண்டும் என்று வலியுறுத்தினார். அடுத்த நான்காம் நாளாகிய பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். வத்தலக்குண்டைச் சேர்ந்த இளைஞர் சுப்பிரமணிய சிவா வ.உ.சி.க்குத் துணைநின்று தலைமையேற்றார்.

தொழிலாளரின் கோரிக்கைகள் தெளிவாக இருந்தன. கூலி உயர வேண்டும். வார விடுமுறை வேண்டும். பிற விடுப்பு வசதிகளும் வேண்டும். வார விடுமுறை சட்டத்தில் இடம்பெற்றுப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைப் பெறுவதற்கு மீண்டும் ஒரு கோரிக்கை வைக்க வேண்டியிருந்தது என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும். சட்டப் புத்தகத்தில் உள்ள உரிமையைத் தொழிலாளரின் வீட்டு வாயில் வரை கொண்டு சேர்க்கும் பணி எஞ்சியிருந்தது. சட்டம் கற்ற வ.உ.சி. அப்பணியை ஏற்றார்.

அந்நாளில் இந்நாட்டில் தொழிற்சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடையாது. தொழிற்சங்கச் சட்டம் 1926இல்தான் வந்தது. சென்னைத் தொழிலாளர் சங்கமே 1918இல்தான் தோன்றியது. வேலைநிறுத்தம் செய்தவர்க்கு மறுநாள் வேலை இருக்கும் என்னும் உறுதி இல்லை. அன்றாடக் கூலியை நம்பிய குடும்பத்துக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சோதனை. இவ்விடர்களுக்கு இடையிலும் தொழிலாளர்கள் கலையாமல் நின்றனர். வ.உ.சி. போராட்டச் செய்தியை ஊரெங்கும் பரப்பினார். நகர மக்களின் ஆதரவு திரண்டது.

மார்ச் 6ஆம் நாள் ஆலையின் தலைமை எழுத்தர் வ.உ.சி.யைச் சந்தித்து, நிருவாகம் இணங்கி வருவதைத் தெரிவித்தார். தொழிலாளர் ஐம்பது பேருடன் வ.உ.சி. ஆலை மேலாளர்களிடம் சென்று பேசினார். தொழிலாளரையும் உடன்கொண்டு சென்றமை குறிப்பிடத்தக்கது. தங்கள் கூலியைப் பற்றிய பேச்சில் அவர்களும் ஒரு தரப்பினராயினர். கூலியை உயர்த்தவும், வேலை நேரத்தைக் குறைக்கவும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை தரவும் நிருவாகம் ஒப்புக்கொண்டது. ஒன்பது நாள் வேலைநிறுத்தம் வெற்றியோடு முடிந்தது. இதன் விளைவாகப் பிற ஐரோப்பிய நிறுவனங்களிலும் தொழிலாளர்கள் கூலி உயர்வும் நல்ல நடத்துமுறையும் பெற்றனர்.

கூலியில்லா உழைப்பு

வெற்றி கிட்டிய ஆறாம் நாளே, 1908 மார்ச் 12 அன்று, வ.உ.சி.யும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் கொதித்தெழுந்தனர்; காவலர்கள் சுட்டதில் நால்வர் உயிரிழந்தனர். தூத்துக்குடியில் கடைகள் அடைக்கப்பட்டன. கோரல் ஆலைத் தொழிலாளர்கள் மீண்டும் வேலையை நிறுத்தினர். இம்முறை அவர்கள் கூலிக்காக நிற்கவில்லை. தமக்காக நின்றவருக்காக நின்றனர். நான்கு திங்கள் கழித்துத் திலகர் தண்டிக்கப்பட்டபோது பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் ஆறு நாள்கள் வேலைநிறுத்தம் செய்தது வரலாற்றில் பெரிதாகப் பேசப்படும். அதற்கு முன்னரே தென்கோடித் துறைமுக நகரின் தொழிலாளர்கள் அவ்வழியில் நடந்து காட்டினர்.

1908 ஜூலையில் வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனைகள், அதாவது நாற்பது ஆண்டுகள், விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் அவர் அடைக்கப்பட்டார். சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுழற்றியதில் அவர் உள்ளங்கைத் தோல் உரிந்தது. பின்னர் எண்ணெய்ச் செக்கில் மாட்டுக்குப் பதிலாக அவரைப் பூட்டினர். தொழிலாளரின் வேலை நேரத்துக்கு எல்லை கேட்ட வழக்கறிஞர், எல்லையும் கூலியும் இல்லாத உழைப்பில் தள்ளப்பட்டார். அவர் சிறையில் இருந்தபோதே நாவாய்ச் சங்கமும் கலைந்தது.

இறுதி ஆண்டுகள்

1912 டிசம்பரில் அவர் விடுதலையானார். வாயிலில் வரவேற்கக் கூட்டம் இல்லை. தண்டனை பெற்றமையால் வழக்கறிஞர் உரிமமும் பறிக்கப்பட்டிருந்தது. வேலை இழந்தவனின் துயரை அதுவரை பிறரிடம் கண்ட அவர், இப்போது தம் வீட்டிலேயே கண்டார். சென்னையில் சிறுவணிகம் செய்து குடும்பம் நடத்தினார். வறுமையிலும் தமிழ்ப்பணியை விடவில்லை. மெய்யறம், மெய்யறிவு முதலிய நூல்களை இயற்றினார். திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். சென்னையிலும் கோவையிலும் வாழ்ந்த காலத்தில் தொழிலாளர் இயக்கத்தோடு தொடர்பு கொண்டிருந்தார்.

வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் அவருக்கு உரிமம் மீண்டும் கிடைத்தது. தொழிலை மீட்டுத் தந்தவரின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்து அனைத்தையும் இழந்தவர், ஆங்கிலேயர் ஒருவர் செய்த நன்றியை மறக்கவில்லை. கோவில்பட்டியிலும் பின்னர்த் தூத்துக்குடியிலும் வழக்கறிஞராகப் பணியாற்றி, 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் மறைந்தார்.

அவர் மறைந்த அதே ஆண்டில் கூலி வழங்கல் சட்டம் நிறைவேறியது. ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் தண்டம் பிடிக்கக் கூடாது என்றும், பதினைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டோர்க்குத் தண்டமே விதிக்கக் கூடாது என்றும் அது வரையறுத்தது. அச்சட்டம் எழுதப்பட வேண்டிய தேவையை நாட்டுக்கு உணர்த்தியவர்கள், பெயர் எழுதப்படாத பல்லாயிரம் தொழிலாளர்கள். கோரல் ஆலையின் ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் அவர்களுள் அடங்குவர்.

ஆய் அண்டிரனின் கொடையைப் புலவர்கள் பாடி வைத்தனர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலைச் சங்கு ஒலிக்காதிருப்பதைப் பாடி வைத்தவர் எவருமில்லை. ஆயினும் அவ்வமைதி எவரும் இரங்கி அளித்த பரிசிலன்று. ஒன்பது நாள் பசியைத் தாங்கிப் பெற்ற உரிமை.

தெரிந்து தெளிவோம்

தொழிற்சாலைச் சட்டங்களில் வயதும் நேரமும்

1881: ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டோர்க்கு வேலை இல்லை, 7 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 மணி நேரம்.
1891: தொடக்க வயது 9, சிறுவர்க்கு 7 மணி நேரம், பெண்களுக்கு 11 மணி நேரம், வார விடுமுறை.
1911: நூற்பு, நெசவாலைகளில் ஆடவர்க்கு முதன்முறையாக வரம்பு, 12 மணி நேரம், சிறுவர்க்கு 6 மணி நேரம்.
1922: தொடக்க வயது 12; வயதுவந்தோர்க்கு வாரம் 60 மணி நேரம்.
1934: ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வாரம் 54 மணி நேரம்.
1948: தொடக்க வயது 14, வாரம் 48 மணி நேரம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள முதியோர் ஐவரைச் சந்தித்து, அவர்கள் எந்த வயதில் வேலைக்குச் சென்றனர், என்ன வேலை செய்தனர், கூலியை நெல்லாகப் பெற்றனரா காசாகப் பெற்றனரா என்பவற்றைக் கேட்டு அட்டவணைப்படுத்துக. ஆண், பெண் கூலி வேறுபாட்டைத் தனியே குறிக்க.

2. உரிமை சட்டத்தில் இருந்தும் நடைமுறைக்கு வராத சூழல்கள் ஏன் தோன்றுகின்றன? கோரல் ஆலை நிகழ்வைச் சான்றாகக் கொண்டு வகுப்பில் கலந்துரையாடுக.