குற்றாலம் சீசன்: அருவிக்கு வந்தவர்களை விருந்தாளி ஆக்கிய ரசிகமணி டி.கே.சி. யார்?

ஜூன் பிறந்தாச்சுன்னா தென்காசி பக்கம் சொந்தக்காரர் இருக்கிறவங்களுக்கு போன் மேல போன். எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: குற்றாலத்துல தண்ணி விழுதா?

இப்போ இதுக்கு பதில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலேயே கிடைச்சிடுது. செல்போன் இல்லாத காலத்தில் இந்தத் தகவலை தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார் ஒருவர். சாரல் தொடங்கிவிட்டது, அருவி கொட்டுகிறது, குடும்பத்தோடு கிளம்பி வாருங்கள் என்று ஊர் ஊராகக் கடிதம் போட்டார். வந்தவர்களைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். ராஜாஜி, கல்கி, கவிமணி எல்லாம் அப்படி அவருடைய விருந்தோம்பலை அனுபவித்தவர்கள்தான். அவர் பெயர் டி.கே.சிதம்பரநாத முதலியார். ரசிகமணி டி.கே.சி. என்றால்தான் பலருக்கும் தெரியும்.

யார் இந்த டி.கே.சி.?

குடும்பம் தென்காசி. பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், 1880களின் தொடக்கத்தில். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. முடித்து, சட்டமும் படித்து, திருநெல்வேலியில் வக்கீலாக இருந்தார். கோர்ட்டில் அவருக்குப் பெரிய நாட்டம் இருந்ததில்லை. 1920களின் இறுதியில் சென்னை மாகாண சட்டமன்ற கவுன்சிலில் உறுப்பினர், 1930 முதல் 1935 வரை இந்து சமய அறநிலையத் துறையில் ஆணையர். பயோடேட்டாவில் போடுவதற்கு இது போதும். அவரை இன்றைக்கும் பேச வைப்பது இந்தப் பதவிகள் இல்லை.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டின் உள்முற்றத்தில் நண்பர்கள் கூடி கம்பனைப் பற்றிப் பேசுவது வழக்கம். வட்டமான தொட்டிக்கட்டு என்பதால் அந்தக் கூட்டத்துக்கே வட்டத்தொட்டி என்று பெயர் விழுந்தது. தலைவர், செயலாளர், சந்தா எதுவும் கிடையாது. ஒரு பாட்டை எடுத்தால் அதை டி.கே.சி. வாய்விட்டுச் சொல்லுவார். திரும்பச் சொல்லுவார். எந்த இடத்தில் நிறுத்தணும், எந்தச் சொல்லில் அழுத்தம் கொடுக்கணும் என்று காட்டுவார். இலக்கணக் குறிப்பு எழுதித் தருகிற வாத்தியார் வகுப்பு மாதிரி இருக்காது. கேட்டவருக்குப் பாட்டு மனசுக்குள் போய்விட வேண்டும், அவருக்கு அதுதான் கணக்கு. நீதிபதி எஸ்.மகராஜன், தொ.மு.பாஸ்கரத் தொண்டைமான் போன்றவர்கள் இந்தக் கூட்டத்தில் உருவானவர்கள்.

பின்னாளில் அவர் குற்றாலத்துக்கே குடிவந்தபோது வட்டத்தொட்டியும் கூடவே வந்துவிட்டது. முற்றத்துக்குப் பதிலாக அருவி, அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழ்நாடே வெயிலில் காயும்போது இங்கே மட்டும் ஏன் சாரல்?

டி.கே.சி. ஏன் இந்த ஊரைப் பிடித்துக்கொண்டார் என்பது புரிய, கொஞ்சம் பூகோளம் தெரியணும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கேரளாவில் கொட்டித் தீர்க்கும். மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்பதால் மேகம் இந்தப் பக்கம் வருவது கஷ்டம். ஆனால் செங்கோட்டை, ஆரியங்காவு பகுதியில் மலையில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த வாசல் வழியாகக் காற்றும் ஈரமும் தென்காசிக்குள் நுழையும். கொட்டுகிற மழையாக வராது, முகத்தில் தெளித்த மாதிரி வரும். அதுதான் சாரல். பக்கத்திலேயே பத்து இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனால் வெயில் கொளுத்தும்.

திரிகூட மலையில் இறங்கும் சிற்றாறுதான் பேரருவியாக விழுகிறது. நேராக நம் தலையில் விழாமல் நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வேகம் குறைந்து அப்புறம்தான் கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இல்லையென்றால் பேரருவியில் யாரும் தலை கொடுத்து நிற்க முடியாது.

இதே மலையையும் அருவியையும் வைத்துத்தான் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடினார். ஒரு ஊருக்கு இப்படி ஒரு டூரிஸ்ட் விளம்பரம் வேறெங்கும் கிடைக்காது. டி.கே.சி.க்கு இந்த நூல் மேல் தனிப் பிரியம்.

விருந்தாளிகள் எப்படி வந்தார்கள்?

திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் மீட்டர் கேஜ் ரயில் பாதை 1904ல் முழுமையானது. அதன் பிறகு குற்றாலம் எட்டிப் பிடிக்கிற தூரத்துக்கு வந்தது. தென்காசி ஸ்டேஷனில் இறங்கி, மூட்டை முடிச்சு, குழந்தை குட்டிகளோடு வண்டி பிடித்தால் ஐந்து கிலோமீட்டர். அதற்கு முன்பே வெள்ளைக்கார அதிகாரிகள் உடம்பு தேற இங்கே வந்து தங்கியது உண்டு. ஆனால் சாதாரணக் குடும்பங்கள் சீசனுக்கு வருவது ரயிலுக்குப் பிறகுதான் பெருகியது.

டி.கே.சி. வீட்டுக்கு வந்தவர்கள் எழுதி வைத்த நினைவுகளைப் படித்தால் ஒரு நாள் எப்படிப் போகும் என்று தெரியும். காலையில் அருவி. அவசரமாக நனைந்துவிட்டு ஓடிவருகிற குளியல் இல்லை, ஆற அமரக் குளிப்பது. அப்புறம் பசி. வீட்டில் பலகாரம். இலை எடுத்த பிறகு பேச்சு. பேச்சு எங்கே தொடங்கினாலும் கம்பனில் போய் நிற்கும். சாயங்காலம் நடை, திரும்ப அருவி, திரும்பப் பேச்சு. இரண்டு நாள் தங்க வந்தவர்கள் ஒரு வாரம் கழித்துக் கிளம்புவதும் நடக்கும்.

வந்தவர் மந்திரியா, இன்னும் பெயர் தெரியாத இளைஞரா என்று பார்க்கிற பழக்கம் அங்கே இல்லை. கரிசல் காட்டிலிருந்து வந்த கி.ராஜநாராயணனும் அவரைத் தேடி வந்தவர்களில் ஒருவர். டி.கே.சி.யின் பாதிப்பைக் கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார் கி.ரா. நல்ல ரசனை நல்ல சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறது என்பதில் அந்த வீட்டுக்கு சந்தேகமே இருந்ததில்லை. (இத்தனை பேருக்கு இலை போட அந்த அடுக்களையில் யார் யார் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்பது தனிக் கதை. அதையும் யாராவது விரிவாக எழுதியிருக்கணும்.)

மகனை இழந்த வீடு

இந்த சந்தோஷக் கதையின் நடுவில்தான் அந்த இடி விழுந்தது. டி.கே.சி.க்கு ஒரே மகன், தீத்தாரப்பன். தீபன் என்ற பெயரில் எழுதியவர், அப்பாவைப் போலவே ரசிகர். 1940களின் தொடக்கத்தில் இளம் வயதிலேயே இறந்துபோனார்.

நாஞ்சில் நாட்டிலிருந்து கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஓர் இரங்கல் பாட்டு எழுதி அனுப்பினார். அதைப் படித்த டி.கே.சி., இப்படியொரு பாட்டு கிடைக்குமென்றால் இன்னொரு மகனைக்கூட இழக்கலாமே என்ற பொருளில் பதில் எழுதியதாக இலக்கிய வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள்.

முதல் தடவை கேட்கும்போது இது தூக்கிவாரிப் போடும். பெத்த அப்பா இப்படிப் பேசுவாரா என்று தோன்றும். ஆனால் அவருக்கு இன்னொரு மகனே கிடையாது. இழந்ததற்கு ஈடு எதுவும் இல்லை என்று தெரிந்த ஒருவர், கையில் கிடைத்த ஒரே ஆறுதலுக்கு நன்றி சொன்ன விதமாகவும் இதைப் படிக்கலாம். ஒன்று மட்டும் தெளிவு. அந்த சாவுக்குப் பிறகு வீட்டுக் கதவு மூடப்படவில்லை. அடுத்த சாரலுக்கும் கடிதங்கள் போயின. விருந்தாளிகள் வந்தார்கள், இலை விழுந்தது, கம்பன் பேசப்பட்டான்.

கம்பனில் கை வைத்தாரா?

டி.கே.சி. மேல் பெரிய புகாரும் உண்டு. கம்பராமாயணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் இருக்கின்றன. அதில் கணிசமானவை கம்பன் பாடியதே இல்லை, பின்னால் யாரோ எழுதிச் சொருகியவை என்று அவர் சொன்னார். தனக்குக் கம்பன் குரலாகக் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார். சில இடங்களில் சொற்களையும் மாற்றினார். கல்கி பத்திரிகையில் தொடராகவும் பிறகு நூலாகவும் இது வந்தபோது புலவர்கள் கொதித்துப் போனார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு ஆதாரம் காட்டாமல், காதுக்கு இனிக்கவில்லை என்பதற்காக ஒரு பாட்டைத் தள்ள முடியுமா? பதிப்பு வேலை என்று பார்த்தால் முடியாது. அவருடைய கம்பனை ஒரு தேர்ந்த ரசிகரின் தேர்வு என்று எடுத்துக்கொண்டால் சண்டை பாதி தீர்ந்துவிடும். பாடல்களைப் பார்த்து பயந்து ஓடியவர்களை உட்கார வைத்துக் கேட்க வைத்தது அந்தத் தேர்வுதான். முத்தொள்ளாயிரப் பாடல்களையும் இப்படித்தான் பொது வாசகரிடம் கொண்டுபோனார். கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டு தமிழிசை இயக்கம் கிளம்பியபோது கல்கியோடு சேர்ந்து நின்றதும், தாய்மொழியில் பாடம் நடக்கணும் என்று வாதாடியதும் இதே மனசிலிருந்து வந்தவை.

இப்போ குற்றாலம் போறவங்க கவனிக்க

டி.கே.சி. பாணியில் போகணும்னா முதல் விதி: ஒரே நாளில் எல்லா அருவியும் பார்த்துவிடணும் என்று ஓடாதீங்க. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி என்று லிஸ்ட் போட்டு டிக் அடித்தால் ஈரத்துணிதான் மிச்சம். இரண்டு ராத்திரி தங்குகிற மாதிரி திட்டமிடுங்க. சனி, ஞாயிறு கூட்டத்தில் தள்ளுமுள்ளுதான் கிடைக்கும். வார நாளில் விடியற்காலையில் போய்ப் பாருங்க.

சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் தென்காசி. சீசனில் டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துவிடும் என்பதால் முன்பதிவு திறந்ததும் போடுங்க. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விட்டால், வடகிழக்குப் பருவமழையிலும் தண்ணீர் விழும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் இருக்கும்.

வயதானவர்களும் சின்னக் குழந்தைகளும் இருந்தால் பேரருவியில் நேரடி வீச்சுக்குள் நிறுத்தாதீங்க, ஓரமாகத் தெறிக்கிற தண்ணீரே போதும். நகை, கண்ணாடி, செல்போனை அறையில் வைத்துவிடுங்க. அந்தக் காலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் போய் நிற்பார்கள். இப்போ அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை. கையில் தின்பண்டப் பை தெரிந்தால் குரங்கு விடாது. சீசனில் கடைகளில் மங்குஸ்தான், ரம்புட்டான் குவிந்திருக்கும், விலை பேசி வாங்குங்க.

முக்கியமான விஷயம் வெள்ளம். அருவிக்கரையில் வெயில் அடித்தாலும் மலை மேலே மழை பெய்து கொண்டிருக்கலாம். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலை தழை, குச்சி சேர்ந்து வந்தாலோ யாருடைய அறிவிப்புக்கும் காத்திருக்காமல் வெளியே வந்துவிடுங்க. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயது சிறுவன் ஒருவனை அடித்துக்கொண்டு போய்விட்டது. போலீஸ் தடை போட்டிருந்தால், இவ்வளவு தூரம் வந்தோமே என்று வாக்குவாதம் பண்ணாதீங்க. அன்றைக்குக் குற்றாலநாதர் கோயில், சித்திரசபை, தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் கோபுரம் பார்க்கலாம். கோபுர வாசலில் அடிக்கிற காற்றுக்காகவே அங்கே போய் உட்காருகிறவர்கள் உண்டு.

கடைசி நாட்கள்

தன் கம்பனைத் தொகுத்து அச்சில் கொண்டுவரும் வேலை டி.கே.சி.யை வாழ்வின் இறுதி வரை பிடித்து வைத்திருந்தது. 1954 பிப்ரவரி 16ல் அவர் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 5ல் கல்கியும் போய்ச் சேர்ந்தார்.

அவர் எழுதிய கடிதங்கள் பின்னால் புத்தகமாக வந்தன. கம்பன், சங்கீதம், பேரப் பிள்ளைகள், சாப்பாடு எல்லாம் கலந்துகட்டி இருக்கும் அந்தக் கடிதங்களில், அருவியில் தண்ணீர் எப்படி விழுகிறது என்ற தகவலும் இருக்கும்.