சாக்ரடீஸ் மனைவி அடங்காப்பிடாரியா? மீம்ஸில் திட்டு வாங்கும் ஸாந்திப்பி யார்?

கல்யாண சீசன் வந்தாலே வாட்ஸ்அப்பில் ஒரு மீம் சுத்த ஆரம்பிச்சிடும். தாடி வைத்த சாக்ரடீஸ் சிலை, பக்கத்தில் பூரிக்கட்டையோடு ஒரு மனைவி. நல்ல மனைவி அமைந்தால் சந்தோஷமாக இருக்கலாம், இல்லாவிட்டால் தத்துவஞானி ஆகிவிடலாம் என்று சாக்ரடீஸே சொன்னதாகக் கீழே ஒரு வரி.

சாக்ரடீஸோடு நேரில் பழகிய பிளேட்டோ, செனபோன் இருவரின் நூல்களிலும் அந்த வரி கிடையாது. அப்படின்னா, 2,400 வருஷமா திட்டு வாங்கும் அந்த மனைவி யார்?

யார் இந்த ஸாந்திப்பி?

கி.மு. 5-ம் நூற்றாண்டில், கிரேக்க நகரமான ஏதென்ஸில் வாழ்ந்தவர். ஸாந்திப்பி என்றால் மஞ்சள் குதிரை என்று அர்த்தம். அந்த ஊரில் குதிரை வளர்த்தது பணக்காரக் குடும்பங்கள்தான். அதனால் இவரும் பெரிய வீட்டுப் பெண்ணாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

கணவரைவிட பல வயது இளையவர். கி.மு. 399-ல், 70 வயதில் சாக்ரடீஸ் இறந்தபோது அவருக்கு மூன்று மகன்கள். மூத்தவர் லாம்ப்ரோகிளீஸுக்கே அப்போது டீன் ஏஜ்தான். மற்ற இருவரும் சின்னப் பிள்ளைகள்.

கோபத்துக்கு என்ன காரணம்?

ஸாந்திப்பி கோபக்காரர் என்பதற்கு அந்தக் காலத்திலேயே சாட்சி இருக்கு. செனபோன் எழுதிய ஒரு விருந்துக் காட்சியில், ஆண்டிஸ்தனிஸ் என்ற நண்பர் அவரை, சமாளிக்கவே முடியாத பெண் என்று கிண்டல் செய்கிறார். முரட்டுக் குதிரையைப் பழக்கியவனுக்கு மற்ற குதிரைகள் சுலபம் என்ற மாதிரி சாக்ரடீஸும் பதில் சொல்கிறார். ஆனால் பதில் சொல்ல ஸாந்திப்பி அங்கே இல்லை. ஏதென்ஸில் ஆண்களின் விருந்தில் குடும்பப் பெண்களுக்கு இடமே கிடையாது.

அதே செனபோன் இன்னொரு காட்சியும் எழுதியிருக்கிறார். அம்மாவின் வாயைத் தாங்க முடியவில்லை என்று மூத்த மகன் புலம்புகிறான். சாக்ரடீஸ் கண்டிப்பது மகனைத்தான். உன்னைச் சுமந்து பெற்றவள், நோய் வந்தால் கூடவே இருந்து பார்ப்பவள், உன் நல்லதுக்காகவே சாமியிடம் வேண்டுபவள் என்று எடுத்துச் சொல்கிறார். இது மட்டும் மீம் ஆகவே இல்லை!

இப்போ வீட்டு நிலைமையைப் பாருங்க. சாக்ரடீஸ் காலையிலேயே கிளம்பி, உடற்பயிற்சிக் கூடம், சந்தை என்று பேசிக்கொண்டே பொழுதைக் கழிப்பார். செருப்பு போட மாட்டார். கற்றுக்கொடுக்க காசு வாங்க மாட்டார். செனபோன் நூல் ஒன்றில் வரும் கணக்குப்படி, வீட்டோடு சேர்த்து அவரது மொத்த சொத்தும் 5 மினா, அதாவது 500 டிராக்மாதான் தேறும். ஒரு கைத்தொழிலாளியின் ஒருநாள் கூலி ஏறக்குறைய 1 டிராக்மா. அப்போ அது சுமார் ஒன்றரை வருஷக் கூலி, அவ்வளவுதான். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் உலை வைத்தவருக்குக் கோபம் வராமல் இருக்குமா?

சிறையில் அந்தக் காலை

விஷக் கோப்பை காட்சி நமக்குப் புதுசு இல்லை. 1956-ல் வந்த 'ராஜா ராணி' படத்தில் சிவாஜி கணேசன் சாக்ரடீஸாகவே நடித்திருப்பார். ஆனால் அன்று காலை நடந்தது பலருக்குத் தெரியாது.

பிளேட்டோவின் 'ஃபைடோ' நூல்படி, நண்பர்கள் சிறைக்குள் வரும்போதே ஸாந்திப்பி அங்கே இருந்தார், குழந்தையுடன். நண்பர்களைப் பார்த்ததும், இவர்களோடு நீங்கள் பேசுவது இதுதான் கடைசி முறை என்று கணவரிடம் சொல்லி அழுதார். யாராவது இவரை வீட்டுக்குக் கூட்டிப் போகட்டும் என்றார் சாக்ரடீஸ். மார்பில் அடித்துக்கொண்டு கதறியபடி வெளியே போனார் ஸாந்திப்பி. அழுத நேரத்திலும் அவர் பேசியது கணவரின் இழப்பைப் பற்றி, தன்னைப் பற்றி இல்லை.

மீம் உருவானது எப்படி?

திட்டித் தீர்த்துவிட்டு கணவர் தலையில் தண்ணீர் ஊற்றினார், இடிக்குப் பிறகு மழைதானே என்று அவர் சிரித்தார் என்ற பிரபலமான கதையை எழுதியவர் டயோஜெனிஸ் லேர்ஷியஸ். அவர் வாழ்ந்தது கி.பி. 3-ம் நூற்றாண்டு. சாக்ரடீஸ் இறந்து சுமார் 600 வருஷம் கழித்து!

14-ம் நூற்றாண்டில், ஆங்கிலக் கவிஞர் சாசரின் எழுத்தில் அந்தத் தண்ணீர் சிறுநீர் ஆகிவிட்டது. 'தி டேமிங் ஆஃப் த ஷ்ரூ' நாடகத்தில் ஷேக்ஸ்பியரும் அடங்காத பெண்ணுக்கு உதாரணமாக அவர் பெயரை இழுத்தார். ஜெர்மன் மொழியில் அந்தப் பெயரே சண்டைக்காரி என்ற பொருள் தரும் சொல்லாகிவிட்டது.

மறுபக்கத்தைச் சொல்லவும் ஆள் வந்தார்கள். இங்கிலாந்துக் கவிஞர் ஏமி லெவி, 1881-ல் வெளியான தொகுப்பில் ஸாந்திப்பியே தன் கதையைச் சொல்வதாக ஒரு கவிதை எழுதினார். படிக்க ஆசைப்பட்டு, ஆண்கள் பேச்சில் இடம் கிடைக்காமல் ஏமாந்த பெண்ணாக அதில் வருகிறார்.

ஸாந்திப்பி எழுதியதாக ஒரு வரிகூட நம்மிடம் இல்லை. அவரைப் பற்றி நமக்குத் தெரிந்த அத்தனையும் மற்றவர்கள் சொன்னதுதான். அந்த மீம் அடுத்த தடவை ஃபேமிலி குரூப்புக்கு வந்தால், ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி, குழந்தையோடு சிறையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணையும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க.