நிகழ்ந்ததற்குக் காரணம் யார்? – கூரத்தாழ்வான் வைபவம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஒரு காரியம் கைகூடினால் நம்முடைய அறிவும் முயற்சியுமே காரணம் என்று நினைக்கிறோம். கைகூடாமற்போனால் காலத்தையும் உடனிருந்தவர்களையும் காரணமாகச் சொல்லுகிறோம். பிறர் விஷயத்தில் இக்கணக்கு தலைகீழாகிறது. அவர்கள் பெற்ற வெற்றிக்கு அதிர்ஷ்டத்தையும், அவர்கள் தவறியதற்கு அவர்களுடைய ஸ்வபாவத்தையும் காரணமாக்குகிறோம். இந்த வழக்கத்துக்கு நேர் எதிராக வாழ்நாள் முழுவதும் நின்ற மஹாநுபாவர் கூரத்தாழ்வான். அவருடைய வைபவத்தில் சிலவற்றைப் பூர்வர்கள் காட்டிய வழியே இங்கு அநுபவிப்போம்.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரம் என்னும் ஊரில், தை மாதத்து ஹஸ்த நக்ஷத்திரத்தில் அவதரித்தவர் ஆழ்வான். திருமறுமார்பன் என்பது அவருடைய திருநாமம். ஸ்ரீவத்ஸாங்கர் என்று வடமொழியில் வழங்குவர். பெருஞ்செல்வரான அவருடைய திருமாளிகையில் பகலெல்லாம் அந்நதானம் நடக்கும். இரவில் அக்கதவுகளை அடைக்கும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவி வரை எட்டியது என்பர். இச்செய்தி தம் காதில் விழுந்தபோது ஆழ்வான் பூரிக்கவில்லை. திவ்யதம்பதிகளின் ஏகாந்தத்துக்கு இடையூறாக ஒலித்தது தம் செல்வமே என்று வருந்தினார். ஊரார் பெருமை கண்ட இடத்தில் அவர் தம் குறையைக் கண்டார். அனைத்தையும் விட்டு, தேவிகளான ஆண்டாளுடன் திருவரங்கத்துக்குப் புறப்பட்டார்.

வழியில் ஒரு காடு குறுக்கிட்டது. பயமுண்டோ என்று ஆண்டாள் வினவினார். மடியில் ஏதேனும் உண்டோ என்று ஆழ்வான் திருப்பிக் கேட்டார். அவர் அமுதுசெய்வதற்காக ஒரு பொன்வட்டிலை எடுத்து வந்திருப்பதாக அம்மையார் விண்ணப்பித்தார். ஆழ்வான் அதை வாங்கி எறிந்துவிட்டு, இனிப் பயமில்லை என்று நடந்தார். அச்சத்துக்குக் காரணம் காட்டின் இருள் என்றே எவரும் நினைப்பர். ஆழ்வானோ, கையிலிருந்து விடாத பொருளே காரணம் என்று காட்டியருளினார்.

ஸ்ரீபாஷ்யம் அருளுவதற்காகப் போதாயந வ்ருத்தியைத் தேடி எம்பெருமானார் காஷ்மீரம் எழுந்தருளியபோது ஆழ்வானும் உடன் சென்றார். கிடைத்த ஸ்ரீகோசத்தை அங்குள்ளோர் வழியிலேயே திரும்பப் பறித்துக்கொண்டனர். எம்பெருமானார் வருந்தி நிற்க, அவர் கண்வளரும் இரவுகளில் தாம் அதைப் படித்து நெஞ்சில் தரித்திருப்பதாக ஆழ்வான் விண்ணப்பித்தார். நினைவாற்றலுக்கு இதனினும் பெரிய வெற்றி இல்லை. ஆயினும் அதை வைத்து அவர் தமக்கென ஒரு பெயர் தேடவில்லை. எம்பெருமானார் அருளிச்செய்ய, ஏடுபடுத்தும் கைங்கர்யத்தில் அமர்ந்தார்.

அக்காலத்தில், ஜீவனுக்கு அறிவுடைமையை மட்டும் ஸ்வரூபமாகச் சொன்ன ஓரிடத்தில் ஆழ்வான் எழுதாமல் நிறுத்தினார். சேஷத்வத்தைச் சொல்லாமல் விடுவது அவருடைய திருவுள்ளத்துக்கு இசையவில்லை. எம்பெருமானார் சீற்றங்கொண்டு அவரைத் திருவடியால் தள்ளிவிட்டு எழுந்தருளினார். இனி என்ன செய்வீர் என்று அருகிலிருந்தோர் கேட்டனர். உடைமையை என்ன செய்வதென்பது உடையவருடைய பொறுப்பு, தமக்கு அதில் ஆராய்ச்சி இல்லை என்று ஆழ்வான் பதிலளித்தார். பின்பு எம்பெருமானாரும் அவர் கருத்தையே ஏற்றருளினார். தம் பக்கம் நியாயமிருந்தும் ஆசார்யனிடம் குற்றம் காணாத பாங்கு இது.

பின்னர் வந்தது பெருஞ்சோதனை. எம்பெருமானாரைப் பிடித்துவரச் சோழ மன்னனின் ஆட்கள் வந்தபோது, ஆழ்வான் அவருடைய காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தரித்துப் பெரிய நம்பியோடு சபைக்குச் சென்றார். எம்பெருமானார் வெள்ளை சாற்றி மேனாட்டுக்கு எழுந்தருளினார். மன்னன் கேட்ட கையெழுத்தை இட ஆழ்வான் இசையவில்லை. அதனால் பெரிய நம்பியும் ஆழ்வானும் கண்ணிழந்தனர். தள்ளாத வயதினரான நம்பி அவ்வேதனையிலேயே வழியில் திருநாடு எழுந்தருளினார். இவ்வளவுக்கும் மன்னனைத் தூண்டியவன் நாலூரான். அவன் ஆழ்வானிடம் பயின்றவன் என்பர்.

ஆழ்வான் திருவரங்கம் மீண்டு பெருமாளை ஸேவிக்கச் சென்றார். எம்பெருமானார் ஸம்பந்தமுடையோரை உள்ளே விடலாகாது என்பது அப்போதைய அரச கட்டளை. வாசல் காப்போரில் ஒருவன் தடுத்தான். மற்றவனோ, இவர் நற்குணம் நிறைந்தவர், இவரை விடலாம் என்றான். ஆழ்வான் உள்ளே செல்லாமல் திரும்பிவிட்டார். ஆத்மகுணங்கள் ஆசார்ய ஸம்பந்தத்துக்கு உறுப்பாக வேண்டும். அந்த ஸம்பந்தத்தை மறைத்து உள்ளே நுழைவதற்கு அவை காரணமாகுமானால் அத்தகைய குணமும் தமக்கு வேண்டா என்பது அவருடைய திருவுள்ளம். உலகம் தம்மிடம் கண்ட நன்மைக்கு வேர் தாம் அல்லர், ஆசார்யன் என்று அவர் அறிந்திருந்தார். பின்பு திருமாலிருஞ்சோலையில் அழகருக்கு ஸுந்தரபாஹு ஸ்தவம் ஸமர்ப்பித்து வாழ்ந்தார்.

எம்பெருமானார் மீண்டு வந்து, ஆழ்வானுக்கு இப்படி ஆயிற்றே என்று கலங்கினார். யாரோ ஒரு ஸ்ரீவைஷ்ணவருடைய திருமண்காப்பு கோணலாயிருக்கிறது என்று தாம் நினைத்திருக்கக்கூடும், அவ்வபசாரத்தின் பலன் இது என்று ஆழ்வான் விண்ணப்பித்தார். மன்னனையோ நாலூரானையோ அவர் காரணமாகச் சொல்லவில்லை. பேரருளாளனிடம் கண் வேண்டிப் பெறுமாறு எம்பெருமானார் நியமிக்க, காஞ்சியில் வரதராஜ ஸ்தவம் ஸமர்ப்பித்தார். பெருமாள் உகந்து வரமளிக்க முன்வந்தபோதோ, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று கேட்டார்.

இதற்கு அடிப்படையான தத்துவத்தை எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் பராயத்தாதிகரணத்திலும், கீதையின் 18ஆம் அத்யாயத்து பாஷ்யத்திலும் நிலைநாட்டியுள்ளார். எந்தச் செயலுக்கும் சரீரம், ஜீவன், இந்திரியங்கள், பிராணன், பரமாத்மா என ஐந்து காரணங்கள் உண்டு. தான் ஒருவனே கர்த்தா என்று எண்ணுபவன் உள்ளபடி காண்பவன் அல்லன். ஆயினும் ஜீவனின் முதல் முயற்சியை நோக்கியே பரமாத்மா அநுமதி தந்து நடத்துவதால், ஜீவன் தன் பொறுப்பிலிருந்து நழுவவும் முடியாது. வெற்றியில் அகங்காரத்துக்கும், தவறில் பிறரைப் பழிப்பதற்கும் இங்கு இடமில்லை.

ஒன்றை நாம் மறவாதிருக்க வேண்டும். தம் துன்பத்துக்குத் தம் அபசாரத்தை ஆழ்வான் காரணமாகச் சொன்னார். பிறர் துன்பத்துக்கு அவரவர் பாபத்தைக் காரணமாக அவர் ஒருகாலும் சொன்னதில்லை. நோயாலும் இழப்பாலும் தவிப்பவரிடம் சென்று கர்மபலன் என்று சொல்லுபவர் ஆழ்வானைப் பின்பற்றுபவர் ஆகார். தன்னிடம் சொல்லிக்கொள்ளும்போது அது அடக்கம். பிறரிடம் சொல்லும்போது அதுவே அபசாரம். பிறர் விஷயத்தில் ஆழ்வான் செய்தது, நாலூரானுக்குச் செய்ததே.

இறுதியில் நம்பெருமாளிடம் ஆழ்வான் பரமபதம் வேண்ட, அவருக்கும் அவருடைய ஸம்பந்தமுடையோர்க்கும் பெருமாள் அதைத் தந்தருளினார். அதைக் கேட்ட எம்பெருமானார், ஆழ்வானோடுள்ள ஸம்பந்தத்தால் தமக்கும் பேறு உறுதியாயிற்று என்று உகந்து தம் காஷாயத்தை மேலே எறிந்து மகிழ்ந்தார். சிஷ்யர் தம் நன்மைக்கெல்லாம் ஆசார்யனைக் காரணமாகக் கொண்டார். ஆசார்யனோ தம் பேற்றுக்கே சிஷ்யரைக் காரணமாகக் கொண்டார். ஒருவரையொருவர் முன்னிட்ட இந்த உறவில்தான் நம் ஸம்ப்ரதாயம் நிற்கிறது.

கூரத்தாழ்வான் திருவடிகளே சரணம்.